ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

லீவில் ஊருக்கு வந்து புதுச்சேரிக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். பெரிய மார்க்கெட் பக்கம், பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. 1730களில் கட்டியது. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள்; இது தப்பித்தது.

நடையைக் கடற்கரையிலேயே தொடங்குங்கள். இந்த வீட்டைக் கட்டிய செல்வம் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. அப்போது இங்கே கப்பல் கரையணைய வசதி கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்கியவை சலங்குகள். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு இந்த அலையில் பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும் என்றுதான் பிள்ளையை (1709–1761) நமக்குத் தெரியும். ஆனால் அவர் பெரிய வியாபாரி. துணி, பாக்கு என்று பல சரக்குகளில் வணிகம் செய்தார். ‘ஆனந்தப் புரவி’ என்ற கப்பலும் அவருக்குச் சொந்தம்.

வீட்டுக்கு வருவோம். கீழ்த்தளம் அசல் தமிழ் வீடு: நடுவில் முற்றம், சுற்றிலும் செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள். மேல்தளத்தில் மரத்தூண்களுக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சாந்து பூசிய உருண்டைத் தூண்கள், பிரெஞ்சுப் பாணியில். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்தே தெரியும். பிற்காலத்துப் புதுச்சேரித் தமிழ் வீடுகள் பலவும், கீழே திண்ணையும் தாழ்வாரமும், மேலே பிரெஞ்சு முகப்பும் என்று இதே வழியில் போனவைதான். என்னைக் கேட்டால், வெள்ளையர் பகுதியில் இருக்கும் எந்த மாளிகையையும்விட இந்த ஊரின் கதையைத் தெளிவாகச் சொல்வது இந்த வீடுதான்.

ஒன்று கவனம்: இது தனியார் வீடு, அருங்காட்சியகம் அல்ல. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையில் முன்கூட்டியே விசாரியுங்கள். அனுமதி கிடைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். கிடைக்கவில்லையா, வைசியாள் வீதிக்குப் போங்கள். புதுப்பித்த தமிழ் வீடுகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. சிலவற்றில் தங்கவும் செய்யலாம்.

கிளம்பும் முன் பிள்ளையின் நாட்குறிப்பில் கொஞ்சமாவது படித்துவிடுங்கள். 1736இல் தொடங்கிக் கடைசிக் காலம் வரை எழுதியிருக்கிறார். கப்பல் வரவு, ஊர்ச் சண்டை, 1748இல் பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது, பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து பேசிய பேச்சு எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளுக்கும் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். மதியம் பல கடைகள் சாத்திவிடும், வெயிலும் தாங்காது. பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்; காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூட்டம் நெரியும்.