மணிக்குள் சிவக்கும் நுண்பாசி

இயற்கை நிறப்பொருளுக்காக நுண்பாசி வளர்க்க விரும்பும் மலையகத்தவர், பெயர் கேட்டுப் பழகிய ஸ்பிருலினாவைத் தவிர்ப்பதே நல்லது. அதற்கு 30 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். மேலும், இங்கே சொல்லும் முறையில் பாசியை அல்ஜினேற்று என்னும் கடற்பாசிப் பசை கல்சியத்தோடு சேர்ந்து இறுகும் சிறு மணிகளுக்குள் அடைத்து வளர்க்கிறோம். ஸ்பிருலினாவின் வளர்ப்பு நீரில் மிகுந்திருக்கும் காபனேற்றோ, அம்மணிகளிலுள்ள கல்சியத்தைப் பறித்து அவற்றை இளக்கிவிடும். 20 முதல் 25 பாகையில் செழிக்கும் ஹீமற்றோகொக்கஸ் புளுவியாலிஸ் என்னும் நுண்பாசி பண்டாரவளைக் குளிருக்குப் பொருந்தும். நுவரெலியாவில் இரவில் அறைக்குள் வைத்துக் காக்க வேண்டும்.

இப்பாசி நைதரசன் இல்லாமல் கடும் ஒளியில் வாடும்போதே அஸ்டாசாந்தின் என்னும் சிவப்பு நிறப்பொருளைச் சேர்க்கிறது. ஆகவே முதலில் ஊட்டி வளர்த்துப் பின்னர் பட்டினி போட வேண்டும். நீந்தித் திரியும் பச்சைக் கலங்களுக்கு நீர் மாற்ற, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையநீக்கி தேவைப்படும்; மணிக்குள் அடைபட்டவற்றுக்குத் தேநீர் வடியே போதும். மணி கட்டுவதன் பெரும்பயன் இதுவே.

நுவரெலியா உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், வளர்ப்பு நீரையும் போத்தல்களையும் கிருமி நீங்கப் பிறஷர் குக்கரில் அரை மணி நேரம் வைத்து ஆறவிடுக. அல்ஜினேற்றை நெடுநேரம் சூடாக்கினால் அதன் பிசுபிசுப்புக் குன்றும். எனவே ஆறிய 50 மில்லிலீற்றர் நீரைக் கலக்கிக்கொண்டே 1.5 கிராம் சோடியம் அல்ஜினேற்றைச் சிறிது சிறிதாகத் தூவி, குமிழிகள் அடங்க ஓரிரவு விடுக. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு கரைப்பது பெரும்பாடு. அடியில் படிந்த அடர்பாசி 25 மில்லிலீற்றரை இதனுடன் கலந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால், லீற்றருக்கு 20 கிராம் கல்சியம் குளோரைட்டுக் கரைத்த நீரில் ஒரு சாண் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விடுக. அரை மணி நேரத்தில் இறுகும் மணிகளைக் கழுவிக்கொள்க. ஒளி மேற்பரப்பையே நன்கு எட்டுவதால், 3 மில்லிமீற்றர் அளவுள்ள மணிகளே சிறந்தவை.

வளர்ப்பு நீராக பி.ஜி. 11 என்னும் பாசி ஊட்டக் கரைசல் பொருந்தும், அதில் பொசுபேற்றுக் குறைவு, மிகுந்தால் மணிகள் இளகும். மென்மையான ஒளியும் மீன்தொட்டிப் பம்பியின் மெல்லிய காற்றும் போதும். பனிமூட்டக் காலத்தில் எல்.ஈ.டி. விளக்குத் தேவை. வெளிநீர் பச்சையானால் கலங்கள் கசிகின்றன. வடித்து நீரை மாற்றுக.

மணிகள் கரும்பச்சையானதும் வடித்து, நைதரசன் தரும் நைத்திரேற்றை மட்டும் சேர்க்காத அதே வகை நீரில் இட்டுக் கடும் ஒளியில் வைக்க, ஓரிரு வாரங்களில் அவை செந்நிறம் கொள்ளும். சோடியம் சித்திரேற்றுக் கரைசலில் மணிகளைக் கரைத்து, படியும் சிவப்புக் கலங்களை இருளில் உலர்த்துக. ஒளியும் காற்றும் நிறத்தைக் கெடுக்கும். கலங்களின் சுவர் தடித்தது என்பதால், உலர்ந்தவற்றை நன்றாக அரைத்த பின்னரே சமையல் எண்ணெயில் ஊறவைத்து நிறத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.