வெளிநாட்டுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

பணம் கட்டினால் இந்திய ஜெர்சி போட்டு வெளிநாட்டில் விளையாடலாம் என்று வாட்ஸப்பில் செய்தி வந்தால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: தேர்வுப் போட்டி எங்கே, எப்போது நடந்தது? பெரும்பாலும் பதில் வராது. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இப்படி ஒரு செய்தியைக் காட்டி "டீச்சர், கட்டலாமா?" என்று யாராவது ஒரு பெற்றோர் வருஷா வருஷம் வந்து நிற்கிறார்கள். நகையை அடகு வைக்கக்கூடத் தயாராக வருகிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் எதிரணியும் நம் நாட்டிலிருந்தே வந்திருக்கும். வந்தவர்கள் எல்லாருக்கும் பதக்கம். அந்தச் சான்றிதழ் பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுபடாது. மத்திய அரசு வேலைக்குச் சர்வதேசச் சான்று என்றால் படிவம் 1 கேட்பார்கள். அதில் அந்த விளையாட்டின் தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்து இருக்க வேண்டும். தேர்வில் ஜெயித்த பிறகு பயணச் செலவில் ஒரு பங்கு கேட்பது வேறு விஷயம். தேர்வே இல்லாமல் பணம் கேட்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, உண்மையானவை எவை? 2010-ல் சிங்கப்பூரில் தொடங்கிய யூத் ஒலிம்பிக், ஆசிய இளையோர் விளையாட்டு, 2008-ல் புனேவிலும் நடந்த காமன்வெல்த் இளையோர் விளையாட்டு. இவற்றுக்கு இந்திய ஒலிம்பிக் சங்கம் வழியாக அணி போகும். பள்ளி மாணவர்களுக்கென்று ஜிம்னாசியாட் இருக்கிறது. இன்னும் சின்னவர்களுக்கு, 12 முதல் 15 வயது வரை, சர்வதேசச் சிறுவர் விளையாட்டு. ஸ்லோவேனியாவின் செல்யே ஊரில் மெத்தோத் கிளெமென்ஸ் என்ற விளையாட்டுப் பயிற்றுநர் 1968-ல் ஒன்பது ஐரோப்பிய நகரங்களை அழைத்துத் தொடங்கியது அது. அதில் பிள்ளைகள் நாட்டுக்காக விளையாடுவதில்லை, நகரத்துக்காக விளையாடுகிறார்கள். அதனால் நகர நிர்வாகம்தான் அணியை அனுப்பும். "உங்கள் மகளுக்குத் தனியாக இடம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உள்ளே போகும் வழி இரண்டு. ஒன்று பள்ளி வழி: குறுவட்டம், மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியப் பள்ளி விளையாட்டு. இன்னொன்று சங்க வழி: மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், சம்மேளனம் நடத்தும் ஜூனியர் தேசியப் போட்டி. பல பெற்றோருக்கு முதல் வழி மட்டும்தான் தெரிகிறது. யூத் ஒலிம்பிக், ஆசிய இளையோர் அணிகளுக்குப் பெரும்பாலும் சங்க வழியில் வந்தவர்களைத்தான் பார்ப்பார்கள். தடகளம் என்றால் 'நிட்ஜாம்' என்று நாங்கள் சொல்லும் மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டியை விடவே கூடாது. மாவட்ட அணியில் இடம் பிடித்தால் பிள்ளை நேராகத் தேசிய மைதானத்தில் நிற்கலாம். குறுவட்டப் போட்டிதானே என்று பரீட்சையைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். கபடி முதல்முறையாக ஆசிய இளையோர் விளையாட்டில் சேர்ந்தது 2025-ல், பஹ்ரைனில். இந்தியா ஆண், பெண் இரண்டிலும் தங்கம் எடுத்தது. அந்த அணிகளில் இருந்த கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் நம் ஊர் மைதானங்களில் வளர்ந்தவர்கள்தான்.

இனி காகிதங்கள். திறமை இருந்தும் பிள்ளைகள் வாசலில் நிற்பது இங்கேதான். பள்ளிப் பதிவேட்டில் 'ர. தேன்மொழி' என்று இருக்கும், ஆதாரில் 'தேன்மொழி ஆர்', பாஸ்போர்ட்டில் 'தேன்மொழி ரவிச்சந்திரன்'. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. விசா கொடுப்பவருக்கு மூன்று பேர். இனிஷியலை விரித்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே செய்யுங்கள், அணியில் பெயர் வந்த பிறகு நேரம் இருக்காது. பாஸ்போர்ட்டும் முன்னாலேயே எடுத்து வையுங்கள். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருஷம் அல்லது 18 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். பல நாடுகள் பயணத்தின்போது குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி மீதி இருக்க வேண்டும் என்கின்றன. அதையும் கணக்குப் பாருங்கள்.

சான்றிதழில் பிறந்த தேதியை மாற்ற வேண்டாம். வயதைக் குறைத்துப் போடச் சொல்லும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். சந்தேகம் வந்தால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள். மாட்டினால் தடை பிள்ளைக்குத்தான்.

மருந்து விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. ஊக்கமருந்துச் சோதனை சிறுவர்களுக்கும் உண்டு. ஜலதோஷம் என்று மெடிக்கலில் வாங்கும் இருமல் சிரப்பைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டெர்பூட்டலின் இருந்தால் வேண்டாம், அது எப்போதும் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. சூடோஎபிட்ரின் போட்டி நேரத்தில் ஆகாது. 'நோ யுவர் மெடிசின்' என்று தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவின் (NADA) செயலி இருக்கிறது, அதில் தேடிப் பாருங்கள். ஜிம்மில் விற்கும் புரோட்டீன் டப்பாவை வளரும் பிள்ளைக்கு வாங்கவே வாங்காதீர்கள். முட்டையும் கடலையும் போதும். ஆஸ்துமா மாதிரி நோய்க்குத் தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளை என்றால், அந்த மருந்து தடைப் பட்டியலில் இருந்தால் டாக்டர் சீட்டோடு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையிடம் மாதிரி எடுக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கலாம். அதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பயிற்சியில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளையின் ஒரு நாள் சாதனையைப் பார்த்து மயங்க வேண்டாம். 2018 பியூனஸ் அயர்ஸ் யூத் ஒலிம்பிக் தடகளத்தில் இறுதிச் சுற்று என்று தனியாக இல்லை. இரண்டு கட்டமாக வைத்து இரண்டையும் கூட்டினார்கள். தஞ்சை மாவட்டத்துப் பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டலில் முதலில் 15.84 மீட்டர், அடுத்து 15.68, மொத்தம் 31.52 தாண்டி வெண்கலம் வாங்கினார். முதல் நாள் நன்றாகச் செய்த பிள்ளை அடுத்த முறையும் அதன் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். அதைத்தான் நான் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் மேலாளரின் பெயர், போன் எண், தங்கும் இடம், காப்பீடு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெண் பிள்ளைகள் போகும் அணியில் பெண் மேலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் போட்டாக வேண்டும் என்று நாலு பெற்றோர் சேர்ந்து கேளுங்கள். பையில் சானிட்டரி நாப்கின்களைத் தேவைக்கு மேலேயே வைத்து அனுப்புங்கள், தேதி தள்ளி இருந்தாலும்.