ஈரல் பாதிப்பும் பொலித்தீன் பையும்: மருந்து ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கமாரியோடு ஒருவர் வரும்போது, அதற்குக் காரணம் மருந்துதான் என்று அடித்துச் சொல்லக்கூடிய இரத்தப் பரிசோதனை, பரசிற்றமோல் போன்ற ஓரிரு மருந்துகளை விட்டால், நம் கையில் இல்லை. எந்த மருந்தை எந்தத் திகதியில் தொடங்கினார், எப்போது நிறுத்தினார், நிறுத்திய பின் ஈரலின் அளவீடுகள் எவ்வாறு இறங்கின என்ற கணக்கைக் கொண்டே முடிவுக்கு வருகிறோம். ஆகவே, யாழ்ப்பாணத்தில் நோயாளர் விபரங்களைத் திரட்டும் இளம் ஆய்வாளர்களின் தவறுகளில் பெரும்பாலானவை கட்டிலோரத்தில் கேட்காமல் விட்ட கேள்விகளிலிருந்தே தொடங்குகின்றன.

கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை முழு மருந்துப் பட்டியலாக எடுத்துக்கொள்வது இவற்றுள் மிகப் பெரியது. கொப்பியில் நீரிழிவுக்கான மெற்ஃபோமினும் கொலஸ்திரோலுக்கான அற்றோவஸ்ற்றற்றினும் இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்ன பொலித்தீன் பையைக் கொட்டினால், பாமசியில் வாங்கிய அமொக்சிசிலின்-கிளவுலனேற் வெற்று அட்டை ஒன்றும், பத்திரிகைத் தாளில் மடித்த சூரணமும் சேர்ந்து விழும். பழி பெரும்பாலும் கொலஸ்திரோல் குளிசையின் தலையில் விழுகிறது. நான் முதலில் பார்ப்பது அந்த வெற்று அட்டையை. அந்த நுண்ணுயிர்கொல்லி, எடுத்து முடித்துச் சில வாரங்கள் கழிந்த பின்னரும் செங்கமாரியை உண்டாக்கக்கூடியது. "இப்ப என்ன குளிசை எடுக்கிறியள், அம்மா?" என்று கேட்டால், முடிந்துபோன மருந்தை எந்த அம்மாவும் சொல்லமாட்டார். கடந்த ஆறு மாதங்களில் வாயில் போட்டவை எல்லாவற்றையும், திகதியோடு கேட்க வேண்டும்.

நாட்டு மருந்தைக் கேட்கும்போது தொனியும் முக்கியம். கண்டிக்கும் குரலில் கேட்டால் "ஒண்டும் இல்லை" என்பதே பதிலாக வரும். மறுபுறம், மூலிகை என்றால் தீங்கில்லை என்று ஆய்வாளரே நம்பி அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதும் நடக்கிறது. கிலுகிலுப்பை இனச் செடிகளில் ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும் நஞ்சு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981 இலேயே இலங்கையின் மருந்துச் செடிகள் சிலவற்றில் இவ்வகை நஞ்சுகளைக் காட்டினார்கள். கோவிட் காலத்தில் சீந்தில் குடித்தவர்களிடம் ஈரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். கறியில் போடும் மஞ்சளையும், மிளகுச் சாற்றோடு செறிவாக்கி விற்கும் மஞ்சள் கப்சியூலையும் ஒன்றாக எழுதக் கூடாது. 2022 இல், மருந்தால் வரும் ஈரல் பாதிப்பை ஆராயும் அமெரிக்க வலையமைப்பு வெளியிட்ட ஆய்வில், மஞ்சளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரில் 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது.

அடுத்தது, மற்றக் காரணங்களை விலக்காமலே மருந்தைக் குற்றவாளியாக்குவது. அதே வலையமைப்பு, மருந்துப் பாதிப்பென்று சேர்த்திருந்த 318 பேரின் இரத்தத்தைத் திரும்பச் சோதித்தபோது, 9 பேரிடம் ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் ஈ வைரசு அண்மையில் தொற்றியதற்கான அடையாளம் இருந்தது. நமக்கு மாரி காலத்தில் டெங்கும், வயலில் இறங்குபவர்களிடம் எலிக்காய்ச்சலும் ஈரலின் அளவீடுகளைக் கலைத்துவிடும். 2024 டிசம்பரில் இங்கு எலிக்காய்ச்சல் பரவியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாளுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்து, ஒரு நாளைய மொத்த அளவை யாரும் எண்ணாமல் விட்டிருந்தால், இரண்டு காரணங்களும் ஒரே ஆளில் கலந்திருக்கும். வளர்ந்தவருக்கும் 24 மணித்தியாலத்தில் 4 கிராம்தான் உச்சம். எத்தனை குளிசை என்று எழுதாத குறிப்பால் பயனில்லை.

ஈரல் கலங்கள் சிதையும்போது இரத்தத்தில் கூடும் ஏஎல்ரி என்ற நொதியம் நூற்றுக்கணக்கில் ஏறியதைப் பார்த்துப் பதறி, செங்கமாரியின் மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிறுபினைக் கவனியாமல் விடுவதும் தவறு. மருந்தால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களிடம் ஏஎல்ரி இயல்பின் மேல் எல்லையைப்போல் மூன்று மடங்கையும், பிலிறுபின் இரண்டு மடங்கையும் சேர்ந்து தாண்டினால், அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கக்கூடும் என்பது அமெரிக்க ஈரல் மருத்துவர் ஹைமன் சிம்மர்மனின் அவதானிப்பை ஒட்டிய விதி.

சந்தேகத்தைத் தீர்க்கவென்று அதே மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதை மட்டும் எந்த ஆய்வின் பெயராலும் செய்யக் கூடாது. இரண்டாவது தாக்கம் முதலாவதைவிடக் கடுமையாகலாம். காசநோய் மருந்துகள் இதற்கு விலக்கு. அவையின்றி நோயாளர் பிழைப்பது கடினம் என்பதால், அளவீடுகள் இறங்கிய பின் றிஃபாம்பிசினையும் ஐசோனியாசிட்டையும் ஒவ்வொன்றாக, இடையிடையே இரத்தம் பார்த்து, மீண்டும் தொடங்குகிறார்கள். பாதிப்புக் கடுமையாக இருந்திருந்தால், இன்னொரு காசநோய் மருந்தான பைறசினமைட்டைத் திரும்பத் தொடுவதில்லை.