ஆங்கில ‘ரைட்’டை ஹங்கேரியனில் சொல்வது எப்படி?

ஹங்கேரியன் படிக்கத் தொடங்கியவர்கள் முதலில் வழுக்கி விழுகிற இடம் அகராதி. ‘ரைட்’ என்று தேடினால் நாலைந்து சொற்கள் வரிசைகட்டி நிற்கும். எது கண்ணில் முதலில் படுகிறதோ அதை எடுத்து ஒட்டினால் வாக்கியம் கெட்டுப்போகும். இந்த ஒரு சொல்லையே வைத்து வழியைப் பார்த்துவிடுவோம்.

படி 1: அகராதியைத் திறக்கும் முன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். வலது, சரி, உரிமை என்று ‘ரைட்’ தானாகப் பிரிந்துவிடும். பாதி வேலை முடிந்தது.

படி 2: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல் தேடுங்கள். வலதுக்கு யொப். உரிமைக்கு யொக். சரியான விடைக்கு ஹெயெஷ். செங்கோணம் என்றால் தெரேக்ஸொக், அது தனிக் கதை. யொப்பின் கடைசி ஒலி ‘அம்பு’வில் வரும் பு மாதிரி, யொக்கின் கடைசி ஒலி ‘தங்க’த்தில் வரும் க மாதிரி. ஜே எழுத்தை ‘ய’ என்றும் எஸ்ஸை ‘ஷ’ என்றும் வாசிக்க வேண்டும். அவர்கள் தலைநகரை ‘புடபெஷ்ட்’ என்று சொல்வது அதனால்தான்.

படி 3: வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். ‘எனக்கு உரிமை உண்டு’ என்பதை ‘நெகெம் யொகொம் வன்’ என்பார்கள். நெகெம் என்றால் எனக்கு, யொகொம் என்றால் என் உரிமை, வன் என்றால் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதுபோல் ‘வைத்திருக்கிறேன்’ என்ற வினை அங்கே கிடையாது, நம் தமிழைப் போலவே. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் திணறுகிற இடத்தை நாம் சும்மா தாண்டிவிடலாம்.

ஆனால் தமிழும் ஓரிடத்தில் கைவிடும். ‘நீ சொல்றது சரி’ என்பதற்கு ஹெயெஷ் சரிப்படாது. ஒருவரைப் பார்த்து ‘நீ ஹெயெஷ்’ என்றால் ‘நீ பார்க்க லட்சணமா இருக்கே’ என்று பொருள்! சொல்ல வேண்டியது ‘இகஸத் வன்’, அதாவது உண்மை உன் பக்கம். நீங்கள் என்று மரியாதை கொடுக்க வேண்டியவரிடம் ‘இகஸ வன்’.

படி 4: எழுதியதைத் திருப்பி மொழிபெயர்த்துப் பாருங்கள். யொப் என்பதற்கு ‘இன்னும் நல்ல’ என்ற பொருளும் உண்டு. ‘யொ’, அதாவது நல்ல என்பதிலிருந்து வந்த சொல் அது. ‘யொப்ர ஃபொர்துல்’ என்றால் கார் வலதுபக்கம் திரும்புகிறது. வானிலையைப் பற்றிப் பேசும்போது அதே சொற்களுக்கு ‘சீராகி வருகிறது’ என்று பொருள். எனவே முன்பின் வாக்கியங்களையும் சேர்த்தே படியுங்கள்.

சரி, அடுத்து ‘லைட்’டை நீங்களே முயன்று பாருங்கள். வெளிச்சம் ஃபேன்ய், எடை குறைவு கொன்யூ, வெளிர் நிறம் விலாகோஷ். மதுக்கடையில் போய் ‘ஒரு விலாகோஷ்’ என்று கேட்டால் மட்டும் மேசைக்கு பீர் வந்துவிடும்.