கால் கூசுறவங்களுக்கு ரிஃப்ளெக்ஸாலஜி பண்றது எப்படி

பாதத்துலயும் கையிலயும் குறிப்பிட்ட இடங்களை விரலால அழுத்தி உடம்ப தளர்த்தற முறை தான் ரிஃப்ளெக்ஸாலஜி. உள்ளங்கால்ல கை வெச்ச உடனே "ஐயோ அக்கா வேணா வேணா"ன்னு காலை இழுத்துக்கிறவங்க வந்தா, புதுசா பண்றவங்க நிறைய பேர் பாவம் கூசுதேன்னு கையை இன்னும் லேசா வெக்கிறாங்க. அதுல தான் கூச்சம் ஜாஸ்தியாகுது. எறும்பு ஊர்றாப்ல லேசா பட்டாலும் கூசும், விட்டு விட்டு குத்தினாலும் கூசும், உள்ளங்கை முழுசா ஒட்டி ஒரே சீரா மெதுவா அழுத்தினா பெரும்பாலானவங்களுக்கு அடங்கிடும். இத மட்டும் மனசுல வெச்சிகிட்டா மீதி எல்லாம் இதுக்கு பின்னாடியே வரும்.

முதல்ல உக்கார வெச்சு பேசுங்க. நம்ம வேலூர் பக்கம் இன்னொரு தயக்கமும் இருக்கு, வயசுல பெரியவங்களா இருக்கிற நாம போய் அவங்க காலை புடிச்சா "நீங்க போயி என் காலை தொடறதாம்மா"ன்னு நெளிவாங்க, அந்த நெளிவுலயே கால் விறைச்சிக்கும், விறைச்ச கால் இன்னும் கூசும். அதனால ஒரு டப்ல வெதுவெதுப்பா தண்ணி வெச்சு அவங்களையே காலை கழுவிக்க சொல்லுங்க, ஒரு அஞ்சு பத்து நிமிஷம் ஊறட்டும். அழுக்கா இருக்குமோ, குதிகால் வெடிப்ப பாத்து என்ன நெனைப்பாங்களோங்கற கவலை எல்லாம் அதுலயே போயிடும். நம்ம ஊர் வெயிலுக்கு வெடிப்பு இல்லாத குதிகாலே கம்மி, அத பத்தி ஒரு வார்த்தை கூட பேசாதீங்க.

இன்னொன்னு, "நிறுத்துங்க"ன்னு சொன்னா உடனே நிறுத்துவேன்னு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, சொன்னபடி நிறுத்தவும் செய்யுங்க. சிரிக்கிறாங்களேன்னு சந்தோஷமா இருக்காங்கன்னு எடுத்துக்க கூடாது, கூச்சத்துல வர்ற சிரிப்பு தானா வர்றது, உள்ளுக்குள்ள அவங்களுக்கு தாங்க முடியாம இருக்கும். விளையாட்டுக்கு கூட ஒரு தடவை கிச்சு கிச்சு மூட்டிடாதீங்க, அப்புறம் அந்த கால் உங்க கையை நம்பாது.

இப்போ கை. நகம் ஒட்ட வெட்டி இருக்கணும், கை சூடா இருக்கணும், ரெண்டு கையையும் நல்லா தேய்ச்சிட்டு ஆரம்பிங்க. எண்ணெய் ரொம்ப கம்மி, முடிஞ்சா எண்ணெயே வேணாம், கொஞ்சம் பவுடர் போதும். தேங்காய் எண்ணெய் ஊத்திட்டு வழுக்கிகிட்டு போனா அது தான் இருக்கிறதுலயே பெரிய கூச்சம்.

நேரா உள்ளங்காலுக்கு போகாதீங்க. மேல டவல் போட்டு டவலோட சேத்து ரெண்டு காலையும் கெட்டியா புடிச்சிகிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருங்க, அசைக்க வேணாம். அப்புறம் கெண்டைக்கால், கணுக்கால், பாதத்தோட மேல்பக்கம், குதிகால்னு இறங்கி வாங்க. குதிகால்ல தோல் தடிப்பா இருக்கிறதால அங்க கூச்சம் கம்மி, அங்கருந்து விளிம்பு வழியா விரல்களுக்கு போங்க, பாதத்தோட நடு வளைவ கடைசியா வெச்சிக்குங்க. ஒரு கை எப்பவும் பாதத்த தாங்கி புடிச்சிருக்கணும், ரெண்டு கையையும் ஒண்ணா எடுக்கவே கூடாது, எடுத்துட்டு மறுபடி வெக்கிற அந்த நொடில தான் துள்ளுவாங்க. கட்டைவிரலை புழு நகர்றாப்ல மடக்கி மடக்கி நகத்துறோம் இல்ல, அத பாதி வேகத்துல பண்ணுங்க. அவங்க கால் விரல்களை லேசா பின்னாடி வளைச்சு உள்ளங்கால் தோல இறுக்கமா வெச்சிகிட்டு பண்ணா இன்னும் நல்லா தாங்கிக்கிறாங்க. அப்பவும் கூசினா கட்டைவிரலை விட்டுட்டு மடக்கின விரல் முட்டியால நிதானமா அழுத்துங்க, அவங்க மூச்சை வெளிய விடறப்ப அழுத்தம், இழுக்கிறப்ப தளர்த்தல். அடுத்து எங்க கை வெக்க போறேன்னு வாயால சொல்லிட்டே போங்க, எதிர்பாராம படறது தான் அதிகம் கூசுது.

ரொம்ப கஷ்டமான கேஸுக்கு ஒரு வழி இருக்கு, அவங்க கையையே நம்ம கை மேல வெச்சிக்க சொல்லுங்க. நம்மள நாமே கிச்சு கிச்சு மூட்டிக்க முடியாது இல்லையா, நம்ம கை எங்க படப்போகுதுன்னு மூளை முன்னாடியே கணக்கு போட்டு அந்த உணர்ச்சிய குறைச்சிடுது, 1998ல லண்டன்ல சாரா ஜேன் பிளேக்மோர் குழு ஸ்கேன் எடுத்து இதுல சிறுமூளைக்கு பங்கு இருக்குன்னு காட்டினாங்க. அவங்க கையும் சேந்து நகர்றப்ப கூச்சம் நல்லாவே குறையும், பழகினப்புறம் அவங்களே கையை எடுத்துடுவாங்க.

எதுவுமே ஒத்து வரலையா, காலை விட்டுட்டு கையில பண்ணுங்க. எந்த இடத்த அழுத்தணும்னு காட்டற சார்ட் கைக்கும் இருக்கு. அமெரிக்காவுல ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் 1917ல உடம்ப பகுதி பகுதியா பிரிச்சு பாக்குற சோன் தெரபி பத்தி எழுதினப்ப கை விரலும் அதுல இருந்துச்சு, பாதத்துக்குன்னு தனியா கொண்டு வந்தது 1930கள்ல யூனிஸ் இங்காம் அம்மா தான். அதனால கையில பண்றத ஏதோ மட்டமா நினைக்க வேணாம். நோய் குணமாகும்னு நான் யார்கிட்டயும் சொல்றது இல்ல, அதுக்கு ஆதாரம் இல்ல, உடம்பு தளர்ந்து நிம்மதியா இருக்கும், அத தைரியமா சொல்லலாம். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனில நாள் முழுக்க நின்னு வேலை செய்யற பொண்ணுங்களுக்கு அந்த நிம்மதியே பெருசு.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. முன்ன பயங்கரமா கூசின கால் இப்போ கூசவே இல்ல, சுகர் வேற இருக்குன்னா சந்தோஷப்பட்டு அழுத்த ஆரம்பிக்காதீங்க, நரம்பு மரத்துப் போயிருக்கலாம். உணர்ச்சி இல்லாத கால் என்ன ஆகும்னு நம்ம ஊருக்கு சொல்லித்தர வேண்டியதில்ல, வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரில டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிங்க கால பாத்து, வலி தெரியாததால தான் அடிபட்டு அடிபட்டு புண்ணாகி விரல் போகுதுன்னு எடுத்து காட்டினதே இங்க தான். ஆஸ்பத்திரில 10 கிராம் அழுத்தம் தர்ற ஒரு நைலான் இழைய பாதத்துல வெச்சு தெரியுதான்னு கேப்பாங்க, ரெண்டு நிமிஷ வேலை, அத பாத்துட்டு வர சொல்லுங்க. கூச்சம் இருக்கிறதாலயே சுகர்காரங்க கால் நல்லா இருக்குன்னும் முடிவு பண்ணிடாதீங்க, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் கண்ணால பாருங்க.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா வலியோட இருந்தா தொடவே வேணாம், ரத்தக்கட்டியா இருக்கலாம், நேரா டாக்டர்கிட்ட. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டர கேட்டுட்டு வரட்டும். பௌர்ணமிக்கு திருவண்ணாமலையில 14 கிலோமீட்டர் வெறுங்கால்ல கிரிவலம் போயிட்டு மறுநாளே வருவாங்க, கொப்புளம் இருந்தா அது ஆறட்டும்னு அனுப்பிடுங்க.

முடிச்சதும் பவுடர், எண்ணெய் எல்லாம் ஈரத்துணியால அழுத்தி துடைங்க, தடவி துடைச்சா திரும்ப கூசும். எந்த இடம் கூசுச்சு, எது தாங்கினாங்கன்னு ஒரு நோட்ல எழுதி வெச்சிகிட்டீங்கன்னா அடுத்த தடவை தாங்கின இடத்துல இருந்தே ஆரம்பிக்கலாம்.