நீட் தேர்வின் 180 நிமிடங்கள்: முதன்முறை எழுதுவோருக்கு ஒரு நேரத் திட்டம்

நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். கேட்டவுடனே வினாவுக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கோடு தேர்வறைக்குள் போகாதீர்கள். பாடநூல் வரி அப்படியே கேட்கப்படும் உயிரியல் வினாவுக்கு 20 விநாடி போதும். இயற்பியலில் ஒரு மின்சுற்றுக் கணக்கு மூன்று நிமிடத்தை விழுங்கிவிடும். இரண்டுக்கும் கிடைப்பது அதே 4 மதிப்பெண்தான். எந்த வினாவுக்கு நேரம் கொடுப்பது, எதை விட்டு நகர்வது என்று முடிவெடுக்கப் பழகியவருக்கே இந்த மூன்று மணி நேரம் போதுமானதாக இருக்கும்.

தொடங்கும் முன் ஒன்று. 2022 முதல் 2024 வரை 200 வினாக்கள் தந்து 180-க்கு மட்டும் விடையளிக்கச் சொன்னார்கள். நேரமும் 200 நிமிடம். 2025-இல் விருப்ப வினாக்களும் கூடுதல் 20 நிமிடமும் நீக்கப்பட்டன. பழைய காணொளிகளில் சொல்லப்படும் நேரத் திட்டங்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். நீங்கள் எழுதும் ஆண்டின் தகவல் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 1: கடிகாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. முதன்முறை எழுதுவோருக்கு நான் சொல்லும் பங்கீடு இது:

2:00 – 2:50 உயிரியல், 90 வினாக்கள்
2:50 – 3:40 வேதியியல், 45 வினாக்கள்
3:40 – 4:35 இயற்பியல், 45 வினாக்கள்
4:35 – 5:00 இரண்டாம் சுற்று

விடைத்தாளில் வட்டம் நிரப்பும் நேரமும் இதற்குள் அடக்கம். வேதியியலை முதலில் எடுத்தால்தான் எனக்குச் சரிப்படும் என்பவர்கள் அப்படியே செய்யலாம். ஆனால் இயற்பியலை முதலில் எடுக்காதீர்கள், அதில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. 2025-இல் இயற்பியல் பகுதி மிகக் கடினமாக இருந்ததென்று மாணவர்கள் பரவலாகச் சொன்னார்கள். அப்படியொரு வினாத்தாள் கையில் கிடைத்து, அதில் முதல் ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டால், நன்றாகத் தெரிந்த உயிரியலைக்கூடப் பதற்றத்தோடு படித்துத் தவறவிடுவீர்கள்.

படி 2: ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு சுற்றாக எழுதுங்கள்

முதல் சுற்றில் வினாவைப் படித்ததும் அரை நிமிடத்துக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். விடை தெரிந்தால் உடனே குறியுங்கள். வழி தெரிகிறது, ஆனால் நேரம் பிடிக்கும் என்றால் வினாத்தொகுப்பில் வினா எண்ணைச் சுற்றி வட்டமிட்டு நகருங்கள். எங்கே தொடங்குவதென்றே பிடிபடவில்லை என்றால் பெருக்கல் குறி போட்டு நகருங்கள். இரண்டாம் சுற்றில் வட்டமிட்டவற்றுக்கு மட்டும் திரும்பி வர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் ஒரு ஃபோட்டான் ஆற்றல் என்ன என்று கேட்கிறார்கள். கால்குலேட்டர் கிடையாது. 6.63 × 10⁻³⁴ என்ற பிளாங்க் மாறிலியை முழுதாகப் பெருக்கத் தொடங்கினால் ஒன்றரை நிமிடம் போய்விடும். முதலில் விடைகளைப் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று தள்ளியிருந்தால் 6.6 என்று எடுத்துக்கொண்டு, ஒளியின் வேகத்திலுள்ள 3-ஆல் பெருக்கி, அலைநீளத்திலுள்ள 6-ஆல் வகுத்தால் 3.3. அடுக்குகள் −34, +8, +7 சேர்ந்து −19. விடை 3.3 × 10⁻¹⁹ ஜூல். அரை நிமிடம்கூட ஆகாது. விடைகளைப் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்கும் இந்தப் பழக்கம் ஒன்றே இயற்பியலில் பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

நடுவழியில் சிக்கிக்கொண்ட கணக்கை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ‘இரண்டு நிமிடம் போட்டாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று மனம் கெஞ்சும். அந்த இரண்டு நிமிடம் போனது போனதுதான். அடுத்த இரண்டு நிமிடத்தில் நான்கு எளிய வினாக்களை முடிக்க முடியுமா என்பதை மட்டும் பாருங்கள்.

படி 3: பக்கம் பக்கமாக வட்டம் நிரப்புங்கள்

ஒரு வட்டத்தை முழுதாக நிரப்ப நான்கு விநாடி என்று வைத்தால், 180-க்கு 12 நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். விடை தெரிந்தும் மதிப்பெண் போகும் வழி அது. ஒவ்வொரு வினாவுக்கும் தாளை மாற்றி மாற்றிப் பார்ப்பதும் கவனத்தைச் சிதறடிக்கும். வினாத்தொகுப்பின் ஒரு பக்கத்தை முடித்ததும் அந்தப் பக்கத்து விடைகளை ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டங்கள் அச்சிட்ட விடைத்தாளில், நிரப்புங்கள். பேனாவால் நிரப்புவதால் அழிக்க வழியில்லை. வினா ஒன்றைத் தாண்டிய இடத்தில்தான் வரிசை மாறிப்போகும். அங்கே எண்ணை ஒருமுறை உதட்டளவில் சொல்லிவிட்டு நிரப்புங்கள்.

படி 4: ஒரே மொழியில் படியுங்கள்

தமிழைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரப்படும். ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் படித்தால் நேரம் இரட்டிப்பாகும். தமிழில் படியுங்கள், பொருள் குழம்பினால் மட்டும் ஆங்கிலத்தைப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி.

படி 5: கடைசி 25 நிமிடம்

வட்டமிட்ட வினாக்களில் மிகச் சுருக்கமானதிலிருந்து தொடங்குங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு −1, விட்டால் பூஜ்யம். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக 1.5 மதிப்பெண் லாபம் தரும், தயங்காமல் குறியுங்கள். எதையும் நீக்க முடியாவிட்டால் அந்தச் சராசரி வெறும் 0.25. ஒன்றுமே தெரியாதவற்றில் வரிசையாக வட்டம் நிரப்பிக்கொண்டிருப்பதைவிட, வழி தெரிந்த ஒரு கணக்கை முடிப்பது மேல். 4:55-க்குப் பிறகு புதிய கணக்கு எதையும் தொடாதீர்கள். நிரப்பாமல் விட்ட வட்டங்களை மட்டும் தேடுங்கள்.

படி 6: வீட்டில் இதே நேரத்தில் பழகுங்கள்

கைக்கடிகாரம் அணிந்து செல்ல அனுமதியில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு, சுவர்க் கடிகாரம் உள்ள அறையில் சரியாக 2 மணிக்கு உட்காருங்கள். உண்ட களைப்பில் கண் சொக்கும் நேரம் அது. தேர்வும் அந்த நேரத்தில்தான். கைப்பேசித் திரையில் எழுதும் மாதிரித் தேர்வு இதற்கு உதவாது. அச்சிட்ட வினாத்தாள், அச்சிட்ட ஓ.எம்.ஆர். தாள், பேனா வேண்டும்.

வாரத்துக்கு ஒன்று எழுதினால் போதும். மறுநாள் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், எந்தெந்த வினாக்களில் நேரத்தை இழந்தீர்கள், ஏன் இழந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்: சூத்திரம் மறந்ததா, பெருக்கலில் தடுமாறியதா, விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்ததா? நான்கைந்து தேர்வுகளுக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அடுத்த வாரப் படிப்பை அதிலிருந்து தொடங்குங்கள்.