பழைய வீட்டுக்கு அலங்கார மரத்தாங்கி வாங்கும் முன்

கடைக்குப் போவதற்கு முன் வராந்தாத் தூணின் மேற்பகுதியை உற்றுப் பாருங்கள். தூணும் கூரையும் சேரும் மூலையில் பொருத்தும் அலங்கார மரத்துண்டுதான் தாங்கி. பழைய தாங்கி இருந்த இடத்தில் பெயின்ட் விளிம்போ, அடைத்த ஆணித் துளைகளோ அநேகமாக மிஞ்சியிருக்கும். அளவுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த வடிவத்தை அட்டையில் வெட்டித் தூணில் ஒட்டி, தெருவில் நின்று பாருங்கள். கையில் பெரிதாகத் தெரிவது உயரத்தில் சிறுத்துவிடும்.

வேலைப்பாட்டைவிட மர ரேகையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மெல்லிய வளைவில் ரேகை குறுக்கே ஓடினால் அங்கேதான் முறியும். பொருத்தும் முன்பே எல்லாப் பக்கமும் பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசுங்கள், முக்கியமாக அறுத்த முனைகளில். ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது அவைதான். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அலங்காரத் தாங்கியைப் பாரம் சுமக்க நம்பக்கூடாது. கூரை தொய்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.